பதினெட்டு வெள்ளிக்கு எத்தனை ரூபாய்?

கீழ்பென்னாத்தூர் கொத்தனார் சிங்கப்பூர் போனால் சம்பாதிப்பது என்ன, விட்டுக்கொடுப்பது என்ன? ஒரு முழுக் கணக்கு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். வட்டத் தலைநகர், பேரூராட்சி. சுற்றியுள்ள ஊர்களில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை, நெல், கரும்பு என்று ஏரியையும் கிணற்றையும் நம்பிய விவசாயம். மழை பொய்த்தால் கூலி வேலையும் பொய்க்கும். அதனால் இந்தப் பக்கத்து ஆண்கள் ஒரு தலைமுறைக்கு மேலாகக் கரணையும் ரசமட்டமுமாக வெளியே கிளம்புகிறார்கள். திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டத்தை நம்பி எழும் விடுதிகள், சென்னை, பெங்களூர் அடுக்குமாடிகள் என்று எங்கே கான்கிரீட் போடுகிறார்களோ அங்கே போகிறார்கள். இன்னும் கொஞ்சம் கடன் வாங்கத் துணிந்தவர்கள் சிங்கப்பூர், துபாய், கத்தார் என்று விமானம் ஏறுகிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவரிடம் ஊர் கேட்கிற முதல் கேள்வி, “பேசிக் எவ்வளவு?” என்பதுதான். “பதினெட்டு வெள்ளி” என்று பதில் வந்ததும் கேட்டவரின் மனசு அதை ரூபாயில் பெருக்கத் தொடங்கிவிடும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 1,170 ரூபாய். ஓட்டி, அதாவது ஓவர்டைம், தனி. அந்தப் பெருக்கலிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. நகை அடகுக் கடைக்குப் போகிறது, நிலப்பத்திரம் வட்டிக்காரர் வீட்டுக்குப் போகிறது, பையன் திறன் தேர்வுக்குப் போகிறான்.

அந்தப் பெருக்கல் தப்பில்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. எத்தனை மணி நேர வேலைக்கு அந்தப் பணம், கடன் கழிந்தபின் மிஞ்சுவது எவ்வளவு, அடிபட்டால் யார் பார்ப்பார், பிடிக்காவிட்டால் விட்டு விலக முடியுமா என்ற கேள்விகளையும் சேர்த்தால்தான் இரண்டு நாட்டுக் கூலியை ஒப்பிட முடியும். போகிறவர்களைத் தடுப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. போகிறவரும் இருக்கிறவரும் முழுக் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பதே.

தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. 2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின் மதிப்பீட்டில், வெளிநாடுகளில் இருந்த தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம். அதில் சுமார் நான்கு லட்சம் பேருடன் சிங்கப்பூர் முதலிடத்தில் இருந்தது.

மணிக் கணக்கு சொல்வது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில் புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு நாள் அடிப்படைச் சம்பளம் 18 வெள்ளி என்பது பல ஆண்டுகளாகப் பழகிப்போன தொகை. மாதம் 26 நாள் வேலை என்றால் 468 வெள்ளி. அங்குள்ள வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரத்துக்கு 44 மணி நேரம்தான் வழக்கமான வேலை. அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி. மாதத்துக்கு 72 மணிக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது.

இந்தச் சட்டக் கணக்குப்படி அடிப்படைக் கூலி மணிக்கு ஏறத்தாழ 2.45 வெள்ளி, ஓவர்டைம் மணிக்கு 3.68 வெள்ளி. 72 மணியும் முழுசாகச் செய்தால் 265 வெள்ளி கூடுதலாக வரும். மொத்தம் 733 வெள்ளி, நம் பணத்தில் 47,600 ரூபாய். சாப்பாட்டுக்கும் போனுக்கும் சில்லறைச் செலவுக்கும் 200 வெள்ளி ஒதுக்கினால் மிஞ்சுவது 533 வெள்ளி, சுமார் 34,600 ரூபாய்.

இப்போது ஊரில் நாளுக்கு 900 ரூபாய் வாங்கும் ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். எட்டு மணி வேலைக்கு 900 என்றால் மணிக்கு 112 ரூபாய். சிங்கப்பூரின் 2.45 வெள்ளி நம் பணத்தில் 159 ரூபாய். உலகின் பணக்கார நகரங்களில் ஒன்றில் வானுயரக் கட்டடம் எழுப்புகிறவரின் அடிப்படை மணிக்கூலி, நம் ஊரில் வீடு கட்டுகிறவரின் மணிக்கூலியைப்போல் ஒன்றரை மடங்குகூட இல்லை.

பிறகு எப்படி அங்கே மாதம் 47,000 ரூபாய் சேர்கிறது? மணிகளால். சிங்கப்பூரில் அவர் மாதம் 260 மணிக்கு மேல் வேலை செய்கிறார். ஊரில் மாதம் 20 நாள் வேலை கிடைத்தால் 160 மணி. மழை, மணல் தட்டுப்பாடு, ஆடி மாதம், மேஸ்திரிக்கு அடுத்த வேலை பிடிபடாதது என்று எத்தனையோ காரணத்தால் ஊரில் வேலை நாட்கள் அறுந்து அறுந்து வருகின்றன. சிங்கப்பூர் தருவது பெரிய கூலி என்பதைவிட, இடைவெளியில்லாத வேலை. அந்தத் தொடர்ச்சிக்குத்தான் நம் பிள்ளைகள் கடல் கடக்கிறார்கள். இதை ஊர் புரிந்துகொண்டால் கேட்க வேண்டிய கேள்வியும் மாறும். கீழ்பென்னாத்தூரில் ஒரு கொத்தனாருக்கு ஆண்டுக்கு 250 நாள் வேலை உறுதியாகக் கிடைத்தால் எத்தனை பேர் விமானம் ஏறுவார்கள்?

கைத்தொழில் பழகாத இளைஞருக்குக் கணக்கு வேறு. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23ஆம் ஆண்டு விவரப்படி தமிழகக் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 500.9 ரூபாய். மணிக்கு 63 ரூபாய்கூட இல்லை. அவருக்குச் சிங்கப்பூர் இரண்டரை மடங்கு. அதனால்தான் வேலை பழகியவரைவிடப் பழகாத பையன்கள் முந்திக்கொண்டு கிளம்புகிறார்கள். கடனில் அதிகம் சிக்குகிறவர்களும் அவர்கள்தான்.

நூற்றுக்கு மூன்று வட்டி

முகவருக்கு, பயிற்சி மையத்துக்கு, திறன் தேர்வுக்கு, விமானச் சீட்டுக்கு என்று எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் கடன் என்று வைப்போம். கிராமத்தில் நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் 9,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். மிச்சத்தில் வீட்டுக்கு 10,000 அனுப்பிவிட்டு மீதி முழுவதையும் கடனுக்கே கட்டினாலும், கடன் தீர 15 மாதங்களுக்கு மேல் ஆகும். வேலை அனுமதிச் சீட்டான பெர்மிட்டின் ஆயுள் பொதுவாக அதிகபட்சம் இரண்டு ஆண்டு. ஒரு பெர்மிட்டின் பெரும்பகுதி கடன்காரருக்காக உழைத்த காலம். அதற்கிடையில் ஓவர்டைம் குறைந்தாலோ, கம்பெனி சம்பளத்தை இழுத்தடித்தாலோ, முதுகில் அடிபட்டாலோ, அடகு வைத்த நகையும் நிலமும் ஊரிலேயே கைமாறும்.

முகவர் இவ்வளவு பணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. இந்தியாவின் குடிபெயர்வுச் சட்டம் 1983-ன்படி பதிவுபெற்ற முகவர் ஒரு தொழிலாளியிடம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். சிங்கப்பூர் சட்டமும் அங்குள்ள முகவர் தொழிலாளியிடம் வாங்கும் தொகையை ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படியும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் இல்லை என்று கட்டுப்படுத்துகிறது. இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிறார். பெரும்பாலும் சொந்தக்காரர், ஊர்க்காரர், “நம்ம ஆளு.” ரசீது கிடையாது. பயிற்சிக் கட்டணம், ‘செலவு’ என்று வெவ்வேறு பெயரில் பணம் கைமாறுகிறது. ரசீது இல்லாத பணத்துக்கு நியாயம் கேட்க எந்த அலுவலகத்திலும் வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தத்தை அங்கே ஒருமுறை அரசு பார்க்கும். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. அதிகம் பேர் போகும் நாட்டுக்கே இங்கே அந்தப் பார்வை கிடையாது.

லெவி என்னும் மறைந்திருக்கும் கூலி

ஒரு தொழிலாளியின் உழைப்புக்குச் சிங்கப்பூர் முதலாளி உண்மையில் எவ்வளவு செலவிடுகிறார்? கையில் தரும் சம்பளத்தை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. வெளிநாட்டுத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதந்தோறும் அரசுக்கு ‘லெவி’ கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் மட்டும் உள்ள இந்தியத் தொழிலாளிக்கு லெவி மாதம் 900 வெள்ளி. உயர்திறன் பெற்றவராகப் பதிவானால் 500 வெள்ளி.

நாம் போட்ட கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். இரவு பகலாக ஓவர்டைம் செய்தும் அந்தப் பையன் கைக்கு வருவது 733 வெள்ளி. அவன் பெயரால் அரசுக்குப் போவது 900 வெள்ளி. ஆக, சிங்கப்பூர்ப் பொருளாதாரத்துக்கு அவனுடைய உழைப்பின் விலை மாதம் 1,600 வெள்ளிக்கு மேல். அதில் பாதிக்கும் குறைவாகத்தான் அவனுக்கு வருகிறது. அந்த நாட்டுக்கு இதில் ஒரு நியாயம் உண்டு: வெளிநாட்டு ஆளை மலிவாக்கிவிட்டால் உள்ளூர்க்காரர் வேலை இழப்பார், கம்பெனிகள் இயந்திரத்துக்கு மாறாது என்கிறார்கள். ஆனால் ஆளை விலை கூட்டும் அந்தத் தொகையைக் கூலியாகவே கொடுத்தாலும் முதலாளிக்கு அதே செலவுதான். பணம் யார் பைக்குப் போகிறது என்பது அரசின் முடிவு.

சிங்கப்பூரில் எல்லோருக்குமான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை. குறைந்த சம்பளம் வாங்கும் சிங்கப்பூரர்களுக்காகத் துறைவாரியாகப் படிப்படியான ஊதிய முறை ஒன்றை வகுத்திருக்கிறார்கள். பெர்மிட்டில் வருகிறவருக்கு அந்தப் படி கிடையாது. அவர் முதலாளி தரும் பேசிக்கை ஏற்றுக்கொண்டு போகிறவர்.

எழுத்தில் உள்ள உரிமை, எழுதப்படாத அச்சம்

ஆனாலும் கீழ்பென்னாத்தூர்க் கட்டட வேலையில் இல்லாத சிலவற்றைச் சிங்கப்பூர் தருகிறது. அதை மறைத்தால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது. அங்கே போவதற்கு முன்பே ‘ஐபிஏ’ என்னும் முன் அனுமதிக் கடிதத்தில் சம்பளம், பிடித்தம் எல்லாம் தொழிலாளியின் தாய்மொழியிலும் எழுதித் தரப்பட வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறது. வேலையில் காயப்பட்டால் இழப்பீடு தரச் சட்டம் இருக்கிறது. மருத்துவச் செலவுக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். உயரத்தில் ஏறுகிறவருக்கு இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் கட்டாயம்.

இங்கே? சனிக்கிழமை மாலை மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தரும் நோட்டுகள்தான் சம்பளச் சீட்டு. சாரத்தில் ஏறுகிறவர் காலில் ரப்பர் செருப்பு. விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவை வீட்டுக்காரரும் மேஸ்திரியும் பேசித் தீர்ப்பார்கள், அல்லது தீர்க்காமலே போவார்கள். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. கட்டடச் செலவில் ஒரு விழுக்காடு தொழிலாளர் நலனுக்கு என்று 1996-ல் மத்தியச் சட்டமும் வந்தது. விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்குப் பணம், 60 வயதில் ஓய்வூதியம் எல்லாம் வாரியத்தில் உண்டு. அட்டையைப் பதிந்து புதுப்பித்தவருக்குத்தான் அது கிடைக்கும். புதுப்பிக்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருப்பதால் எத்தனையோ பேர் அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

எனவே பாதுகாப்பில் சிங்கப்பூர் முன்னே நிற்கிறது. சுதந்திரத்தில் நிலைமை தலைகீழ். ஊரில் ஒரு மேஸ்திரி மரியாதை இல்லாமல் பேசினால் கரணையைக் கழுவி வைத்துவிட்டு மறுநாள் இன்னொருவரிடம் போகலாம். சிங்கப்பூரில் வேலையும் தங்கும் உரிமையும் ஒரே பெர்மிட்டில் கட்டப்பட்டிருக்கின்றன. முதலாளி பெர்மிட்டை ரத்து செய்தால் நாடு திரும்ப வேண்டும். கட்டுமானத் தொழிலாளி பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமல் மாற வேண்டுமானால், பெர்மிட் முடிவதற்கு முந்தைய சில வாரங்களில்தான் அந்த வாசல் திறக்கும். எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்தப் பெர்மிட் குடியுரிமைக்கு வழியாகாது. குடும்பத்தை அழைத்துவர முடியாது. அங்குள்ளவர் ஒருவரை மணக்க வேண்டுமானாலும் அரசின் அனுமதி வேண்டும். தலைக்குமேல் மூன்று லட்சம் கடனோடு நிற்கும் ஒருவர், ஓவர்டைம் பணத்தைக் குறைத்துக் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டார். சட்டத்தில் உரிமை இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் துணிச்சலைக் கடன் தின்றுவிடுகிறது.

2020-ல் உலகம் அந்த வாழ்க்கையின் உட்புறத்தைப் பார்த்தது. கொரோனா பரவியபோது சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகளில் சுமார் 3,23,000 பேர் இருந்தார்கள். அவர்களில் 1,52,000 பேருக்கு, அதாவது 47 விழுக்காட்டினருக்கு, நோய் தொற்றியிருந்ததாக அந்த ஆண்டு டிசம்பரில் அரசே அறிவித்தது. நகரம் திறந்த பிறகும் அவர்களால் மாதக்கணக்கில் வெளியே வர முடியவில்லை. அதன் பிறகுதான் புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. லாரியின் பின்பக்கத்தில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் சரியா என்ற விவாதமோ அங்கே இன்னமும் ஓயவில்லை.

பெரிய பொருளாதாரம், சின்னக் கூலி

ஒரு நாட்டிலோ மாநிலத்திலோ செல்வம் பெருகினால் கூலி தானே உயரும் என்று பலர் நம்புகிறார்கள். நம் நாட்டுக்குள்ளேயே அதைச் சோதித்துப் பார்க்கலாம். அதே ரிசர்வ் வங்கிக் கணக்கில் 2022-23-ல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் நாள் கூலி கேரளத்தில் 852.5 ரூபாய், தமிழ்நாட்டில் 500.9, குஜராத்தில் 323.2, மத்தியப் பிரதேசத்தில் 278.7. தேசியச் சராசரி 393.3. விவசாயக் கூலியில் கேரளம் 764.3, தமிழ்நாடு 470, குஜராத் 241.9.

துறைமுகங்களும் ஆலைகளும் நிறைந்த குஜராத், தொழிற்சாலை குறைந்த கேரளத்தைவிடக் கூலியில் பாதிக்கும் கீழே கிடக்கிறது. காரணம் மண்ணில் இல்லை. கேரளத்தில் நிலச்சீர்திருத்தம் நடந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் வலுவாக நின்றன. 1974-ல் விவசாயத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் வளைகுடாவுக்குப் போனதால் ஊரில் இருந்தவரின் உழைப்புக்கு மதிப்புக் கூடியது. “இந்தக் கூலிக்கு வர மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பட்டினியில்லாமல் வீட்டில் உட்கார முடிந்த இடத்தில்தான் கூலி உயர்ந்திருக்கிறது. எல்லா ஒப்பீட்டிலும் கடைசியில் நிற்பது இதுதான்: மறுக்கிற வலிமை எவனுக்கு இருக்கிறதோ அவனுக்கே நல்ல கூலி.

இந்தக் கூலி ஏணியில் நாம் நடுப்படியில் இருக்கிறோம். நம் பையன்கள் சிங்கப்பூர் போக, அவர்கள் விட்டுச் சென்ற இடத்துக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். அவர்களும் கடனோடுதான் வருகிறார்கள். அவர்களும் அறைக்குப் பத்துப் பேராகத்தான் படுக்கிறார்கள். சிங்கப்பூரில் நம் பிள்ளைக்கு மரியாதையும் சரியான கூலியும் வேண்டும் என்று கேட்கும் உரிமை, இங்கே வந்த பிள்ளைக்கு நாம் அதைக் கொடுக்கும்போதுதான் நமக்குக் கிடைக்கிறது.

வரப்பில் நிற்கும் பெண்ணின் கூலி

விமானம் ஏறுவது பெரும்பாலும் ஆண். அவர் அனுப்பும் பணம் வந்து சேரும் வரை வீட்டை ஓட்டுவதும், வட்டிக்காரருக்குப் பதில் சொல்வதும், மாட்டையும் மாமியாரையும் பார்ப்பதும் பெண். அவள் நடவுக்கும் களையெடுப்புக்கும் மல்லாட்டை பிடுங்கவும் போகிறாள். கட்டட வேலையில் சித்தாளாகச் செங்கல்லும் கலவையும் சுமக்கிறாள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது அங்கே இன்னமும் நடைமுறை. இரண்டு நாட்டுக்கு இடையில் உள்ள இடைவெளியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், ஒரே வயலில், ஒரே நாளில் உள்ள இந்த இடைவெளியைக் கண்டுகொள்வதே இல்லை.

அதை உடைத்த முதல் வேலை, நூறு நாள் வேலை. தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழகத்தின் முதல் ஆறு மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. அப்போது நாள் கூலி 80 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு 336 ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை, வங்கிக் கணக்கில். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் 85 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். ஏரி வரத்துக் கால்வாயைத் தூர்வாரிய அந்தப் பெண்களுக்கு முதல்முறையாக, பண்ணை வேலையை மறுக்க ஒரு சின்ன வலு கிடைத்தது. களையெடுப்புக் கூலி உயர்ந்ததில் அந்த வலுவுக்குப் பங்கு உண்டு.

ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் சிறு விவசாயியின் குரலையும் கேட்டாக வேண்டும். இரண்டு ஏக்கர் மல்லாட்டை போட்டவருக்கு விதை, உரம், மருந்து எல்லாம் விலை ஏறிவிட்டது. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அறுவடை நேரத்தில் சந்தையில் விலை சரிந்தால் அந்த எண்ணால் அவருக்கு என்ன பயன்? விளைச்சலுக்கு நியாயமான விலை கிடைக்காதவர் கூலியை உயர்த்தித் தர முடியாது. கூலியாளும் சிறு விவசாயியும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருக்க, இருவர் முதுகின் மேலும் நிற்பது விலைக் கொள்கை.

கூலி கிடைக்காதபோது

வேலை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டம் ரத்தத்தில் பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சிறப்புக் காவல் படை சுட்டுக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையடிவார ஊர்க்காரர்கள். செம்மரம் கடல் கடந்து கோடிகளுக்கு விற்கிறது. அதை வெட்டப் போகிறவருக்குச் சில நாள் கூலி, அல்லது ஒரு குண்டு. ஊரிலேயே நாணயமான கூலிக்கு நிலையான வேலை இருந்திருந்தால் அந்தப் புரோக்கரின் வண்டியில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்?

அரசு என்ன செய்ய முடியும்?

வெளிநாட்டுக் கூலியில் நம் அரசால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. மலாயா ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளியின் நாள் கூலி 50 சென்ட்டாக இருந்தது. 1938-ல் தோட்ட முதலாளிகள் அதை 45 ஆகக் குறைத்தபோது, அன்றைய இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்பும் முறைக்கே தடை போட்டது. ஆண்டது வெள்ளையர் அரசு. ஐந்து சென்ட்டுக்காக அதைச் செய்தது.

2020 செப்டம்பரில், கொரோனாவில் ஊர் திரும்பிய லட்சக்கணக்கானவர்கள் மறுபடி வேலை தேடி அலைந்தபோது, சுதந்திர இந்தியாவின் அரசு வளைகுடா நாடுகளுக்கான குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைத்தது. வேலை பறிபோகாமல் இருக்க என்று காரணம் சொன்னார்கள். தொழிலாளர் அமைப்புகள் எதிர்த்து, வழக்கு நீதிமன்றம் போய், 2021-ல் அந்தக் குறைப்பு திரும்பப் பெறப்பட்டது. கூலியை ஏற்றும் கையும் இறக்கும் கையும் அரசிடம் இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுகளும் சாட்சி. கத்தார் 2021 மார்ச்சில் எல்லா நாட்டுத் தொழிலாளருக்கும் 1,000 ரியால் அடிப்படைக் கூலி என்று சட்டம் கொண்டுவந்ததும் உலகம் கொடுத்த அழுத்தத்தால்தான்.

உள்ளூரிலும் அழுத்தம் பலிக்கிறது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி நூறாண்டு நிறைந்த அந்த மே 1 அன்று, திருத்தம் திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார்.

கீழ்பென்னாத்தூர் போன்ற ஒரு வட்டத்தில் உடனே செய்யக்கூடியவை இருக்கின்றன. வெளிநாட்டு வேலைக்கு நூற்றுக்கு மூன்று வட்டியில் கடன் வாங்குகிறவருக்குக் கூட்டுறவு வங்கி அதே தொகையை ஆண்டுக்கு ஒற்றை இலக்க வட்டியில் கொடுத்தால், பையனின் இரண்டு மாதத்துக்கு மேலான உழைப்பு மிஞ்சும். மாநில அரசிடம் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. இப்போது அயலகத் தமிழர் நலனுக்கென்று துறையே இருக்கிறது. அவை சென்னையில் இருந்தால் போதாது. ஐபிஏ கடிதத்தைப் படித்துச் சொல்லவும், முகவரின் பதிவைச் சரிபார்க்கவும், ரசீது இல்லாத பணத்தைப் பற்றிப் புகார் எழுதவும் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரம் ஒருநாள் ஓர் ஆள் உட்கார வேண்டும். நல வாரிய அட்டையை ஊராட்சிக்கே வந்து புதுப்பித்துத் தர வேண்டும். சித்தாளுக்கும் பெரியாளுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி தரப்படுகிறதா என்று தொழிலாளர் துறை ஆய்வாளர் கட்டடத்தில் ஏறிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரோடு பேசும்போது இந்திய அரசு, லெவியில் ஒரு பகுதி தொழிலாளியின் சேமிப்பாகத் திரும்ப வர வேண்டும் என்று மேசையில் வைக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேசிக் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மணி வேலை, ஐபிஏ-வில் எழுதியிருப்பது என்ன, கடன் எத்தனை மாதத்தில் தீரும் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அடகு வைக்கப்படுவது பெரும்பாலும் அவர்களுடைய நகை. அந்தக் கணக்கில் அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு.

ஊருக்கும் ஒரு வேண்டுகோள். கூலியைப் பற்றிப் பேசுவது வெட்கமில்லை. பக்கத்து ஊர் கூலி என்ன, பக்கத்து மாநிலக் கூலி என்ன, கடல் கடந்தால் என்ன என்று கிராம சபையில் எண்களோடு கேளுங்கள். கேரளத்தில் கூலி உயர்ந்தது கேட்டதால், கூடிக் கேட்டதால். சிங்கப்பூர் போகலாமா வேண்டாமா என்பதை, பசியும் கடனும் தள்ளாமல், தானே யோசித்து முடிவெடுக்கிற நிலை ஒரு கீழ்பென்னாத்தூர்க் கொத்தனாருக்கு வர வேண்டும். அப்படி ஒரு நிலை வந்தால் அவர் எந்த நாட்டில் வேலை செய்தாலும் அவருடைய உழைப்புக்கு உரிய விலையைக் கேட்டு வாங்கிவிடுவார்.